கால் முன்னே போகும் சைக்கிள்

சைக்கிள் திருத்தும் தொழிலில் ஆணி முறுக்குவது கால் பங்கு. சுற்றி நின்று கருத்துச் சொல்பவர்களுக்குச் செவி கொடுப்பது முக்கால் பங்கு.

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனையில் எங்கள் வீட்டின் முன்னறைதான் என் கணவரின் கடை. பகலில் நான் பெண்கள் பாடசாலையில் இலக்கணம் கற்பிப்பேன். மாலையில் கடையின் உதிரிப்பாகப் பட்டியலைச் சரிபார்ப்பேன். பிழையைக் கண்டால் சும்மா இருக்க முடியாத என் குணம் இரண்டு இடங்களிலும் பயன்பட்டது; இரண்டு இடங்களிலும் எனக்கு நண்பர்களைத் தரவில்லை. கருவிப்பெட்டியை மணந்துகொண்ட சகோதரிகள் இதை வாசித்தால், மேலதிக விளக்கம் வேண்டியிராது.

பெட்டி வந்தது

ஆதம்பாவா எங்கள் பகுதியின் வட்டவிதானை. வாய்க்கால் தண்ணீரை முறைவைத்து வயல்களுக்குப் பங்கிடும் பொறுப்பு அது. விவசாயிகளே கூடி ஆளைத் தெரிவு செய்வார்கள். உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியிலிருந்து விழுந்து முதுகைக் கெடுத்துக்கொண்ட பிறகு, அவரால் சைக்கிள் இருக்கையில் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. வாய்க்கால் வீதியில் அத்தனை மைல் நடக்கவும் முடியவில்லை. அவர் படுத்திருந்த காலத்தில் கடைசி வயல்களுக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. அது வழியில் எங்கே போகிறது என்று எவருக்கும் தெரியவில்லை. பயிர் கதிர் தள்ளுவதற்குள் அவர் தாமாகச் சுற்றிவர வேண்டும், இல்லையேல் அடுத்த கூட்டத்தில் பதவி, அதே வாய்க்காலில் வயல் வைத்திருந்த உதுமாலெவ்வைக்கு என்று முடிவாயிற்று. உதுமாலெவ்வை கூட்டத்துக்கு முன்னரே பதவிக்குரிய ஸலாம்களை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்தார்.

அப்போதுதான் குவைத்தில் ஓர் ஐரோப்பியப் பொறியியலாளரிடம் சாரதியாக இருந்த விதானையாரின் மச்சான், ஒரு மரப்பெட்டியை அனுப்பிவைத்தார். படுத்துக்கொண்டே மிதிக்கும் சைக்கிளாம். பெட்டிக்குள் சட்டகம், முன்கவை, சாய்விருக்கையின் கம்பிக்கூடு, கைபிடி, யாருக்கும் தெரியாத மொழியில் ஒரு படப்புத்தகம் ஆகியவை இருந்தன. சில்லுகள் இல்லை. இருபது ஆண்டு அனுபவமுள்ள என் கணவர் சட்டகத்தை மூன்று முறை புரட்டிப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். "முன்னுக்கு எது, பின்னுக்கு எது எண்டு மட்டும் படத்தப் பாத்துச் சொல்லு புள்ள. மத்தத நான் பாக்கிறன்."

செயின்

பின்சில்லு விதானையாரின் பழைய சைக்கிளிலிருந்து வந்தது. முன்சில்லு ஒரு சிறுவர் சைக்கிளிலிருந்து. மிதிபடிகள் முன்சில்லுக்கும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தமையால், அங்கிருந்து பின்சில்லு வரை ஓட ஒரு செயின் போதவில்லை, இரண்டும் போதவில்லை. மூன்று செயின்களைக் கோத்து, மிஞ்சிய கண்ணிகளை வெட்டினோம். படப்புத்தகத்திலிருந்த ஒவ்வொரு பாகத்துக்கும் நான் எண்ணிட்டு, பூட்டியதும் சரி போட்டேன். சைக்கிள் மணி அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததைப் பூட்ட நான் அனுமதிக்கவில்லை. என் கணவரும் வாதாடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

ஒரே சைக்கிளுக்கு மூன்று செயின் வேண்டுமென்று அவர் கேட்டபோது, அக்கரைப்பற்றுக் கடைக்காரர் இருமுறை விசாரித்துவிட்டுச் சொன்னாராம்: "காக்கா, நீங்க செயின் வாங்க வந்தீங்களா, தோணி கட்டக் கயிறு வாங்க வந்தீங்களா?"

அளவெடுப்பு

மிதிபடிகளைத் தாங்கும் குழாயை, ஏறுபவரின் காலுக்கேற்ப நீட்டவும் குறுக்கவும் வேண்டும். சுவரோடு முதுகைச் சாய்த்துக் கால்களை நீட்டி, சுவரிலிருந்து குதிக்கால் வரை அளக்குமாறு படம் காட்டியது. என் தையல் நாடாவைக் கொண்டு கணவர் விதானையாரை அளந்து சொல்ல, நான் கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து எழுதினேன். இடக்காலுக்கும் வலக்காலுக்கும் அரை அங்குலம் வேறுபட்டது. திரும்ப அளக்கச் சொன்னேன். வேறுபாடு முக்கால் அங்குலமாயிற்று. மூன்றாம் முறை கேட்கும் துணிவு எனக்கே வரவில்லை.

பின்னர் அவரை ஏற்றி அமர்த்தியபோதுதான், படத்திலிருந்த மனிதர் ஏன் நீளக் காற்சட்டையான களிசான் அணிந்திருந்தார் என்பது விளங்கிற்று. சாரன் உடுத்தவர் இடுப்பளவு உயரத்தில் கால்களை நீட்டினால், எதிரே வருபவர்களிடம் மறைப்பதற்கு அவருக்கு எதுவும் மிஞ்சாது. திரைக்குப் பின்னால் என்னோடு நின்றிருந்த விதானையாரின் மனைவி, குரலை உயர்த்தாமலே தீர்ப்பளித்தார். "ஊடு என்ட பேரில கிடக்கு. சாரனோட இதில ஏறினா, திரும்பி வாறதுக்கு வேற ஊடு பாத்திட்டு ஏறுங்க."

நான்கு திசைகள்

விதானையார் களிசானோடு மூன்று நாள் கடற்கரை வீதியில் பழகினார். இரண்டு முறை விழுந்தார். அதற்குள் உதுமாலெவ்வை எங்கள் கடையின் வாங்குப் பலகையில் வந்தமர்ந்து, மிகுந்த மார்க்கப் பற்றோடு ஓர் ஐயத்தை எழுப்பினார். வயல்கள் ஊருக்கு மேற்கே, தொழும் திசையான கிப்லாவும் மேற்கே. வயலுக்குப் போகும் மனிதர் வழிநெடுகக் கிப்லாவை நோக்கிக் காலை நீட்டலாமா? இன்னொருவர் ஆராய்ச்சியைத் தெற்கே திருப்பினார். தெற்கே போனால் தலை வடக்கிலும் கால் தெற்கிலும் இருக்கும்; கபுறுக்குழியில் மையித்தை அடக்குவதும் அப்படித்தானே? வடக்கே போகலாம், ஆனால் அங்கே அவருக்கு வேலையில்லை. கிழக்கே எந்தக் குற்றமுமில்லை, ஆனால் கடல். இவ்வாறு, வட்டவிதானை கடலுக்குள் மட்டும் தாராளமாகச் சவாரி செய்யலாம் என்று எங்கள் வாங்கு ஏகமனதாகத் தீர்மானித்தது.

விதானையார் முகம் வாடிப்போனார். பதவி போனாலும் போகட்டும், அப்படியொரு பேச்சு வேண்டாமென்று சைக்கிளைத் திரும்பப் பெட்டியில் கட்டச் சொன்னார். கழற்றுவதற்கான பட்டியலையும் நான் எழுதத் தொடங்கிவிட்டேன். என் கணவர் மட்டும் எழுந்து பள்ளிவாசல் இமாமிடம் போனார். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு இமாம் தாமே கடைக்கு வந்து, சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார். இருக்கையின் சாய்வைக் கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு வாங்கிலிருந்தவர்களைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். "நிக்க ஏலாதவன் இருந்து தொழுவான். இருக்க ஏலாதவன் சரிஞ்சி படுத்துத் தொழுவான். அதுவும் ஏலாதவன் மல்லாந்து, காலக் கிப்லாப் பக்கம் நீட்டி, தலையக் கொஞ்சம் உசத்தி வைச்சித் தொழுவான். தொழுகைக்கே ஆகும் எண்டா, தண்ணி பாக்கப் போறதுக்கு ஆகாதா?"

பயிருக்குக் கீழே

பழைய சைக்கிளில் விதானையார் வரும்போது, அவருடைய தொப்பி அரை மைலுக்கு அப்பாலேயே பயிருக்கு மேலே தெரியும். முறையில்லாமல் மடை திறந்தவர்கள் அதை மூடிவிட்டுக் களை பிடுங்கிக்கொண்டிருக்க, அது தாராளமான அவகாசம். இப்போது பயிர் நெஞ்சளவு நின்றது. விதானையாரின் தலையோ அதற்குக் கீழே போயிற்று. மூன்று செயின்களுக்கும் என் கணவர் விட்டிருந்த எண்ணெயால் ஓசையும் இல்லை.

முதல் வாரத்திலேயே, வாய்க்கால் வளைவொன்றைத் தாண்டியதும், பிறருடைய முறைத் தண்ணீரைத் தம் வயலுக்குத் திருப்பிக்கொண்டிருந்த ஒருவருக்கு நேரெதிரே அவர் போய் நின்றார். அது உதுமாலெவ்வை. விதானையார் ஏசவில்லை; மடையை மூடும் வரை படுத்தபடியே காத்திருந்தாராம். மாலையில் கடைக்கு வந்து என் கணவரிடம் சொன்னார்: "மண்வெட்டியக் கீழ போடவும் மறந்து போய், அவன் என்ட ரெண்டு காலையும் பாத்து ஸலாம் சொன்னான்."

ஒரு மணி

கூட்டத்தில் விதானையார் அந்தச் சம்பவத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. வேறு எவரேனும் பதவியை விரும்புகிறார்களா என்று தலைவர் கேட்டபோது, உதுமாலெவ்வை தம் செருப்பின் வாரை ஆராய்ந்துகொண்டிருந்தார். பதவி ஆதம்பாவாவிடமே நின்றது.

மறுநாள் உதுமாலெவ்வை கடைக்கு வந்து ஒரு மணி கேட்டார். என் கணவர் எடுத்துவைத்தவற்றை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்து, எதுவும் போதாதென்று ஒதுக்கினார். எந்தச் சைக்கிளுக்கு என்று குறித்துக்கொள்ள வேண்டும் என்றேன். "எனக்கில்ல டீச்சர், விதானையார்ர சைக்கிளுக்கு. கால் மைலுக்குக் கேக்கிற மாதிரி ஒண்டாப் பாத்துத் தாங்க. பாவம், வயசு போன மனிசன்."

அந்தப் போகத்தில் கடைசி வயல் வரைக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்ததற்கு, எங்கள் கடையில் எத்தனையோ பாகங்களை எண்ணிட்டுப் பூட்டிய நான், பட்டியலில் இல்லையென்று பூட்டாமல் விட்ட அந்த ஒரு மணியே காரணம்.