குழந்தை தூங்கட்டும் என்று அணைத்த சத்தம்

எண்ணூரில் வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை செய்கிறேன். அன்று இரவு லினக்ஸ் கம்ப்யூட்டரில் மெசேஜ் புரோகிராம் ஒன்றை இன்ஸ்டால் செய்து, நிறம், எழுத்தெல்லாம் ஆசையாக மாற்றினேன். தூங்கும் குழந்தை முழித்துவிடுவான் என்று தெரு குரூப் உட்பட எல்லா குரூப்பின் சத்தத்தையும் அணைத்தேன். போனும் சைலன்ட்.

கொஞ்ச நேரத்தில் நாற்றம் வந்தது. கம்பெனிகள் சூழ்ந்த எங்கள் ஏரியாவில் என்றைக்குத்தான் நாற்றமில்லை? ஜன்னலைச் சாத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். தொண்டை கமறியபோது யாரோ கதவை இடித்தார்கள். பக்கத்து வீட்டு மேரியக்கா.

"செல்வி, இன்னும் இன்னா குந்திகினு கீற? கம்பெனில கேஸ் லீக்காயிடுச்சு, தெருவே காலி!"

குழந்தையை ஈரத்துணியால் போர்த்தித் தூக்கிக்கொண்டு ஓடினேன். பஸ் ஸ்டாப்பில் நின்றுதான் போனைப் பார்த்தேன். தெரு குரூப்பில் கடைசி மெசேஜ்: "செல்வி வூட்ல லைட்டு எரியுது. ஆள் வெளிய வர்ல."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது தெரு குரூப்புக்கு மட்டும் கம்பெனி சங்குச் சத்தம் வைத்திருக்கிறேன். ஊதினால் குழந்தை முழித்து அழுகிறான். அழட்டும்.