உபயம் எழுத இடமில்லை

கைதிகளுக்குச் சட்ட உதவி செய்யும் ஓர் அமைப்புக்காக நன்கொடை திரட்டும் பயிற்சியில் இருக்கிறேன். இன்று திருச்செந்தூரில் ஒரு பாத்திரக்கடைக்குப் போனேன்.

வேம்பார் உப்பளத் தொழிலாளி ஒருவர் திருட்டு வழக்கில் விசாரணையே தொடங்காமல் சிறையில் கிடக்கிறார், வக்கீல் வைக்க வசதியில்லை என்றேன்.

கடைக்கார அண்ணாச்சி கேட்டார்: "கோயிலுக்கு ஃபேன் குடுத்தா றெக்கையில உபயம்னு பேரு போடுதாவ. இதுல எங்கனம்மா போடுவிய?"

"போட முடியாது, அண்ணாச்சி."

"பொறவு கள்ளப்பயலுக்கு நான் எதுக்குக் குடுக்கணும்?"

"கள்ளன்னு கோர்ட்டே இன்னும் சொல்லலையே!"

"பேரு போட வழி இருந்தா வா."

திரும்பும் பஸ்ஸில் அந்தத் தொழிலாளியின் மனைவி போன் செய்தார். இன்னும் வக்கீல் கிடைக்கவில்லை என்று சொன்னேன்.

அந்தத் தொழிலாளி விடுதலையாகும்போது சட்டை முதுகில் 'அண்ணாச்சி உபயம்' என்று அச்சடித்துவிடலாமா? சொல்லுங்கள் அண்ணாச்சி, அச்சுக்கூலி என் பொறுப்பு.