அரண்மனை வாசலில் கழற்றிய ஷூ

மைசூர்க்காரர்களுக்கு வெளியூர் சுற்றிப் பார்க்கத் தெரியாது என்பது என் கட்சி. வீட்டுப் பக்கத்திலேயே அரண்மனையை வைத்துக்கொண்டு வளர்ந்தவர்களுக்கு எதைக் காட்டினாலும் 'இவ்வளவுதானா' என்றுதான் தோன்றும். வியன்னாவில் எங்கள் டூர் பஸ் எந்த மாளிகை முன்னால் நின்றாலும், ஞாயிற்றுக்கிழமை நம் அரண்மனையில் விளக்குப் போடுகிற அழகுக்கு இது கால்தூசி பெறாது என்று குழுவில் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். அதிகம் ஆரம்பித்தவர் என் கணவர். ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான், அதிகாரத்திலிருந்து இல்லை.

ஹோட்டல் அறை தீப்பெட்டி மாதிரி இருந்தது. இரட்டைக் கட்டிலில் போர்வை மட்டும் ஆளுக்கொன்றாகத் தனித்தனியே மடித்து வைத்திருந்தார்கள். அந்த ஊரில் புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுவார்கள் போலும். குளியலறையில் காகிதம்தான், நல்லவேளை, பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் மக்கைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். காலை உணவுக்கு ரொட்டியும் சீஸும் வைத்தார்கள். எங்கள் கூட்டம் ஆளுக்கொரு டப்பாவைத் திறந்து, ரொட்டியின் மேல் சட்னிப்பொடியைத் தூவிச் சாப்பிட்டது.

இதெல்லாம் பெரிய விஷயமில்லை. நாங்கள் ஊர் பார்க்கப் போகவில்லை, மகனைப் பார்க்கப் போனோம். அதை வாய்விட்டுச் சொல்ல இவருக்கு வராது. அதனால், ஐரோப்பா பார்க்க வேண்டும் என்று ஒருநாள் திடீரென்று டூருக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

மகனுக்கு வியன்னாவில் வேலை. அந்த ஊர்ப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டான். ஒருமுறை அவளை மைசூருக்குக் கூட்டி வந்தான். இவர் வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்லாததால் வெளியே ஓர் ஓட்டலில் தங்கி, அங்கே சாப்பிட எங்களைக் கூப்பிட்டான். இவர் சட்டையெல்லாம் மாட்டிக்கொண்டு கிளம்பியவர், கடைசி நிமிஷத்தில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று போனில் சொல்லிவிட்டார். காருக்கு ஒரு கேடும் இல்லை. அது அவனுக்கும் தெரியும். அன்றோடு அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சு நின்றது. தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் எனக்கு மட்டும் ஒரு மெசேஜ் வரும்.

நாங்கள் வருவதை எழுதினேன். பல நாள் யோசித்துத்தான் பதில் போட்டான். வியன்னாவில் எங்கள் கடைசி நாளன்று மத்தியானம் அரண்மனை பார்ப்பதாக இருந்தது. பார்த்து முடித்து நாங்கள் வெளியே வரும்போது, அவளோடு முன் கேட்டில் நிற்பதாகச் சொன்னான். மறுநாள் விடிந்ததும் எங்கள் பஸ் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும். அந்த ஒரு மத்தியானம்தான்.

அன்றைக்கு இவர் இருமுறை தலை வாரிக்கொண்டார். அரண்மனைப் படியேறியதும் உள்ளே பளபளவென்று மரத்தரை தெரிந்தது. எங்கள் ஊர் அரண்மனைக்குள் செருப்புக்காலோடு யாரையும் விடமாட்டார்கள். பிறந்ததிலிருந்து அப்படிப் போய்ப் போய்ப் பழகிய மனுஷர். யாரையும் கேட்கவில்லை, ஷூவைக் கழற்றிச் சுவரோரமாக வைத்துவிட்டு நேரே உள்ளே போய்விட்டார். நானும் குனிந்தேன். வாசலில் நின்ற காவல்காரி வேண்டாம் என்று கையைக் காட்டினாள். இவரைக் கூப்பிட்டேன். அதற்குள் கூட்டம் அவரைத் தள்ளிக்கொண்டு போயிருந்தது. அங்கே உள்ளே போனால் திரும்பி வர விடமாட்டார்கள், வேறு வழியாகத்தான் வெளியே வர வேண்டும்.

ஒவ்வொரு அறையாக சாக்ஸ் காலோடு நடந்தார். நான் எதையும் பார்க்கவில்லை. வெளியே வந்து சுற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடினோம். சுவரோரம் ஷூ இல்லை. ஆளில்லாமல் கிடந்த பொருள் என்று காவலர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். டூர் மேனேஜர் மற்றவர்களைத் தோட்டம் பார்க்க அழைத்துப் போயிருந்தார். எங்கள் போனோ ஹோட்டல் வைஃபையில் மட்டும்தான் உயிர்பெறும்.

"ஏங்க, நான் மட்டும் கேட்டுக்குப் போறேன்" என்றேன்.

"நீ தனியாப் போய் நின்னா, அப்பா இந்தத் தடவையும் வரலேன்னுதான் நெனைப்பான். ரெண்டு பேரும் சேர்ந்து போலாம், இரு."

அப்படியே வாங்க என்றேன். மருமகள் முதன்முதலில் பார்க்கும்போது சாக்ஸோடு நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் அப்போது எனக்கும் பட்டது. ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். இவருடைய இங்கிலீஷ் அவர்களுக்கும் அவர்களுடைய ஜெர்மன் இவருக்கும் ஏறவில்லை. காலைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். ஊரையே அதட்டிய மனுஷர் அங்கே அப்படி நின்றார். கடைசியில் ஒரு பிளாஸ்டிக் பையில் முடிந்து ஷூவைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். லேஸைக்கூடக் கட்டாமல் கேட்டுக்கு ஓடினார். அங்கே யார் யாரோ போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கேட் மூடுகிறவரைக்கும் நின்றோம்.

ஹோட்டலுக்கு வந்ததும் போனில் மெசேஜ் இருந்தது. "அம்மா, ரொம்ப நேரம் நின்னோம். அப்பா வரமாட்டார்னு நான் சொன்னேன். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்னு அவதான் நிக்க வச்சா."

நடந்ததை நடந்தபடி எழுதினேன். அப்பா ஷூவைக் கழற்றினார், அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், தேடினோம். எழுத எழுத எனக்கே அது பொய் மாதிரி இருந்தது. அவனுக்குக் கோபம் வந்தால் தமிழ் போய்க் கன்னடம் வந்துவிடும். 'ஹோகலி பிடி, அம்மா' என்று பதில் போட்டான். போகட்டும், விடு என்று அர்த்தம். கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

இவர் கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்து, படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். கத்துவார் என்று நினைத்தேன்.

"அவன் மேல தப்பில்ல" என்றார். "நானா இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்."

இப்போதெல்லாம் தீபாவளிக்கு எனக்கும் மெசேஜ் வருவதில்லை.