ஆதராஞ்சலி போர்டின் அடியில் என் கடை

வியாபாரம் பெருக வழி சொல்கிறேன் என்று யாராவது வாயைத் திறந்தாலே எனக்கு இப்போது குமட்டிக்கொண்டு வருகிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு நானும் அந்த வழிகளையெல்லாம் காது கொடுத்துக் கேட்டவள்தான்.

கேரளத்தில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, பஸ் நிற்கும் ஒரு முக்கில் எனக்குப் பலகாரக் கடை. முறுக்கும் அச்சப்பமும் உண்டு என்றாலும் எங்களைக் காப்பாற்றுவது முந்திரிக்கொத்துதான். வறுத்துப் பொடித்த சிறுபயறையும் தேங்காயையும் வெல்லப்பாகில் உருட்டி, மும்மூன்றாகச் சேர்த்து, மாவில் முக்கிப் பொரிப்பது. உள்ளே முந்திரி தேடினால் கிடைக்காது. ஹைவேயில் கண்ணாடி போட்ட பெரிய பேக்கரி ஒன்று திறந்ததும் என் மாலைக் கூட்டம் அங்கே போய்விட்டது. உதவிக்கு இருந்த இரண்டு பெண்களில் ஒருத்தியை நிறுத்தினேன். அடுத்தவளையும் நிறுத்தினால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

அப்போது வந்து சேர்ந்தான் என் கணவரின் தம்பி. நெய்யாற்றின்கரையில் ஃபிளக்ஸ் அடிக்கும் கடை வைத்திருப்பவன். எங்கேயோ மூன்று நாள் வகுப்புக்குப் போய்விட்டு வந்திருந்தான்.

"மைனி, இப்போ உள்ள ஆளுகளுக்கு ருசி ஒண்ணும் தெரியாது. கண்ணுல பட்டுக்கிட்டே கிடக்கணும். அதாக்கும் மார்க்கெட்டிங்."

அவன் சொன்னதையெல்லாம் செய்தேன். கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டே கொத்தைப் போடச் சொல்லிப் படம் பிடித்தான். எண்ணெய்க்கு முன்னால் யாருக்காவது சிரிப்பு வருமா? நாலு சட்டி கருகியது. பிறகு, தின்று காட்டிப் புகழ்வதே தொழிலாக உள்ள ஒரு பெண்ணைக் கூட்டிவந்தான். கண்ணை மூடி, ஆஹா என்றாள். போனை இறக்கியதும் வாயிலிருந்ததைக் காகிதத்தில் துப்பி, என் மேசை மேலேயே வைத்துவிட்டுப் போனாள். அதை எடுத்துப் போட்டவள் நான்தான். கோயில் உற்சவ நோட்டீசிலும் ஒரு கட்டம் வாங்கினோம். மூலத்துக்கு மருந்து தரும் வைத்தியசாலைக்கு அடுத்த கட்டம் எங்களுக்குக் கிடைத்தது.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது, உண்மையாகவே எனக்கு ஆள் பிடித்துத் தந்தவர் ஒருவர்தான். முக்கில் ஆட்டோ ஓட்டிய அண்ணன். தினமும் காலையில் என் பெட்டிகளை நெய்யாற்றின்கரைக் கடைகளுக்குக் கொண்டுபோவது அவர் வண்டி. வீட்டுக்குக் கொண்டுபோகட்டும் என்று ஒரு பாக்கெட் கொடுப்பேன். அவர் அதை வண்டியிலேயே பிரித்து, கொத்திலிருந்து ஒவ்வொரு உருண்டையாகப் பிய்த்து, ஏறுகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார்.

"மக்கா, இன்னைக்கு ரெயில்வே கேட்டு அடைச்சுக் கிடந்துது. மூணு பேருக்கு ஓரோ உருண்டை குடுத்தேன். ரெண்டு பேரு கடை எங்கன்னு கேட்டாவ," என்று சாயங்காலம் வந்து சொல்வார். கேட்டவர்கள் வரவும் செய்தார்கள். கோர்ட்டுக்குப் போகிறவர்கள், தாலுகா ஆபீசுக்கு அலைகிறவர்கள். ஆனால் அதை மார்க்கெட்டிங் என்று நான் நினைக்கவே இல்லை. அவருடைய சுபாவம் என்று நினைத்தேன்.

ஒருநாள் காலையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன் முடிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், உடல் வீட்டுக்கு வருவதற்குள் முக்கில் போர்டு வந்துவிடும். மேலே ஆதராஞ்சலிகள் என்று எழுதி, நடுவில் படமும், அடியில் போர்டு வைத்தவர்களின் பெயரும் போடுவார்கள். கட்சிக்காரர்கள் வைப்பார்கள், ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் வைப்பார்கள், சங்கங்கள் வைக்கும். நான் வைத்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. நம் கடை பெயரிலும் ஒன்று வைக்கட்டுமா என்று கொழுந்தன் போன் செய்தபோது உம் என்றேன். அழுதுகொண்டுதான் சொன்னேன், அது பொய்யில்லை.

பத்து நிமிடத்தில் டிசைன் வந்தது. ஓணத்துக்கு நான் ஸ்டேட்டஸ் போட எடுத்த படத்தை வைத்திருந்தான். அண்ணன் என் முந்திரிக்கொத்துத் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாய் நிறையச் சிரிக்கிறார். அடியில் சிவப்பில் என் கடைப் பெயர். அதற்கும் கீழே, சுப, அசுப காரியங்களுக்குப் பலகாரம் ஆர்டரின் பேரில் செய்து தரப்படும் என்று மலையாளத்திலும் தமிழிலும் போட்டிருந்தான். இதைப் படித்ததும் எனக்கு அருவருப்பு வந்தது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. வரவில்லை. முதலில் நான் பார்த்தது போன் நம்பர் சரியாக இருக்கிறதா என்று. அடுத்தது, தட்டு பளிச்சென்று விழுந்திருக்கிறது என்று. அண்ணன் முகத்துக்கு அதற்குப் பிறகுதான் வந்தேன்.

எலும்பு பொறுக்கும் சஞ்சயனம் முடிவதற்குள்ளேயே முதல் போன் வந்தது.

"சேச்சி, போர்டு கண்டிட்டு விளிக்குந்நதா. அம்ம மரிச்சு. பதினாறினு பலகாரம் கிட்டுமோ?"

போர்டைப் பார்த்துக் கூப்பிடுகிறார்களாம், அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பலகாரம் வேண்டுமாம். கிடைக்கும் என்றேன். அடுத்த வாரம் இன்னும் இரண்டு. நிறுத்திய பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டேன். ரீல்ஸ் செய்யாததை, உற்சவ நோட்டீஸ் செய்யாததை, செத்த மனிதரின் சிரிப்பு செய்துகொண்டிருந்தது. பஸ்ஸில் போகிறவர்கள் அந்தப் படத்தை எட்டிப் பார்ப்பதைக் கடையிலிருந்தே பார்ப்பேன். என்மேல் எனக்கே காறித் துப்பலாம்போல இருக்கும். ஆனாலும் போர்டை எடுக்கச் சொல்லவில்லை.

அண்ணனுடைய பதினாறு கழிந்து இரண்டாம் நாள் அவர் மனைவி கடைக்கு வந்தாள். நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றும் இருந்தது.

"அக்கா, அந்தப் போர்டை எப்போ எடுப்பிய?"

"இன்னைக்கே எடுக்கச் சொல்லுதேன். தப்பா நினைக்காதே மோளே."

"அதில்ல. எடுத்தா எனக்குத் தருவியளா? வீட்டுல அவரு சிரிச்ச போட்டோ ஒண்ணுகூட இல்ல. கல்யாண ஆல்பத்துலயும் உம்முன்னுதான் இருப்பாரு. ஆதார்ல உள்ளதைப் பெருசாக்கி மாலை போட்டு வெச்சிருக்கோம்." போர்டைத் திரும்பிப் பார்த்தாள். "அடியில உள்ள எழுத்தை மட்டும் வெட்டிட்டுத் தந்தா போதும், அக்கா."

அவள் போனதும் கொழுந்தனைக் கூப்பிட்டேன். கம்பியை அவிழ்க்க வந்தவன், "மைனி, இன்னும் ஒரு மாசம்கூட நிக்கட்டு. நல்லா ஓடுதுல்லா?" என்றான்.

"எலே, கழத்துலே!" என்று முக்கே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். என் சொந்தக் கோபத்தை அவன் தலையில் கொட்டினேன் என்று எனக்கே தெரியும்.

போர்டைக் கடைத் தரையில் விரித்துக் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தேன். எழுத்தும் நம்பரும் நீளத் துண்டாக எளிதில் வந்துவிட்டன. ஆனால் தட்டு அப்படியே நிற்கிறது. தட்டின் விளிம்பில் என் கடை ஸ்டிக்கர், அதன் மேல் அவர் கட்டைவிரல். தட்டை எடுக்க வேண்டுமென்றால் இரண்டு கையையும் வெட்ட வேண்டும். வேறு படம் பிரிண்ட் போட்டுக் கொடுக்கலாம் என்று போனில் தேடினேன். பெட்டி தூக்குகிற அண்ணன், பாக்கெட்டை நீட்டுகிற அண்ணன், வண்டியில் என் சாமானை அடுக்குகிற அண்ணன். எல்லாவற்றிலும் சிரிக்கிறார். எல்லாம் நான் ஸ்டேட்டஸுக்காக எடுத்தவை. ஒன்றில்கூட அவர் கை சும்மா இல்லை.

தட்டோடுதான் கொடுக்க வேண்டும் என்று போர்டைச் சுருட்டத் தொடங்கினேன். அப்போது போன் அடித்தது. தெரியாத நம்பர். போர்டு கண்டிட்டு விளிக்குந்நதா என்றது ஒரு குரல். அப்பா இறந்துவிட்டாராம். போனை எடுத்திருக்க வேண்டாம், எடுத்தபின்னாவது இல்லையென்று சொல்லியிருக்கலாம். நான் எத்தனை பேருக்கு என்று கேட்டேன். கைக்கெட்டும் தூரத்தில் வேறு காகிதம் இல்லை. வெட்டிப் போட்ட துண்டைத் திருப்பி, அதன் வெள்ளை முதுகில் அவர்கள் வீட்டுப் பெயரையும் பதினாறாம் நாள் தேதியையும் எழுதிக்கொண்டேன்.