வாய் திறந்த கணினி

சீனி வருத்தம் என் கண்ணில் இறங்கி, நான் கணினியில் அடிப்பது எனக்கே தெரியாமல் போன பிறகு, கதை எழுதுவதென்றால் இவரிடம் சொல்ல வேண்டியதாயிற்று. இவர் என்றால் என் கணவர், துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். நான் சொல்லச் சொல்ல இரண்டு விரலால் கணினியில் தட்டுவார். தட்டினால் பரவாயில்லை. "இதை எழுதத்தான் வேணுமே?" என்று இடையில் கேட்பார். அவருடைய அக்காவின் கஞ்சத்தனம் வந்த பந்தி ஒன்று, ஏழெட்டு வரி, அப்படியே காணாமல் போனது. சண்டை பிடித்தேன். இனி எனக்கென்று சொந்தமாக ஒரு வசனம் இருக்காதோ என்ற பயத்தில் பிடித்த சண்டை அது.

தெருமுனையில் கணினி திருத்தும் கடை வைத்திருப்பவர் கிண்ணியா ஊர்க்காரர். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த பிள்ளைகளில் அவர் இல்லை, ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"டீச்சர், இந்தப் பழைய மெசின் புதிய விண்டோஸை இழுக்காது. அதுக்குப் பதிலா லினக்ஸ் எண்டு வேறொண்டு போட்டுத் தாறன். திரையில இருக்கிறதைத் தமிழில வாசிக்கும்," என்றார்.

"கண்தான் போயிட்டு. விரலுக்குத் தெரிஞ்ச எழுத்தும் இடம் மாறினா நான் என்ன செய்யிறது, தம்பி?"

"மாறாது. நீங்கள் பழகின மாதிரியே அடிக்கலாம். சரிவராட்டிப் பழையதையே திரும்பப் போடுவம்."

சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். பிறகு, என்னவோ செய்யுங்கோ என்று கொடுத்துவிட்டேன்.

திருப்பிக் கொண்டுவந்த அன்று, கடைக்காரர் வாசல் படலையைத் திறந்தபடி விட்டுவிட்டார். தெருவில் திரியும் மான் உள்ளே வந்து செடியெல்லாம் தின்றுவிடும் என்று ஏசிக்கொண்டேதான் மேசையில் போய் இருந்தேன். 'அ' என்ற விசையை அமத்தினேன். "அ" என்றது கணினி. ஊரின் பெயரை அடித்தேன். தகரப் பேணிக்குள் இருந்து கதைப்பது போல ஒரு குரல், "திருகோணமலை" என்றது. என் கை மயிரெல்லாம் எழும்பி நின்றது.

"இதை ஆர் செய்தது?"

"ஆரெண்டு சொல்ல ஏலாது, டீச்சர். எங்கெங்கயோ இருக்கிற ஆக்கள் சேந்து செய்தது. அதில கண் தெரியாத ஆக்களும் இருக்கினம். காசும் வாங்கிறேல்ல."

என்னைத் தெரியாத, நான் ஒருநாளும் காணப்போகாத மனிதர்கள், என்னைப் போல ஒருத்தி தமிழில் எழுதக் காத்திருப்பாள் என்று எப்படி நினைத்தார்கள்? கோயிலில்கூட எனக்கு அப்படி மனம் நிறைந்ததில்லை.

முதல் கிழமை, ஏழு நாளும் பெரிய கரைச்சல். அது மணி சொல்லும், பற்றரி குறைகிறது என்னும், கேட்காததையெல்லாம் சொல்லும். நான் வாயைப் பொத்தச் சொல்லி ஏசுவேன்.

"உமக்கு ஏத்த ஆள்தான்," என்று இவர் குசினியில் சமைத்தபடி சிரிப்பார்.

ஒரு காலை இவர் மீன் வாங்கப் போனார். வீட்டில் ஒருவரும் இல்லை. நெடுநாளாக நெஞ்சுக்குள் கிடந்ததை அடித்தேன். இவரிடம் எப்படிச் சொல்லி எழுதுவிக்க முடியும்? அடித்து முடித்ததும் வாசிக்க வைத்தேன்.

"அவருடைய முகம் எனக்குத் தெரியாமல் போய்ப் பல மாதமாகிறது. குரல் வரும் பக்கம் பார்த்துச் சிரிக்கிறேன். அவருக்கு இது தெரியாது."

வேறு யார் கையும் படாத என் வசனம், ஒரு சொல்லும் குறையாமல் என்னிடமே திரும்பி வந்தது. அவ்வளவு சந்தோசம், அவ்வளவு துக்கம். மறுபடி வாசிக்க வைத்தேன்.

பின்னால் மீன் பை நிலத்தில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. எப்போது வந்தாரோ தெரியாது. அவசரத்தில் நிறுத்தும் விசையைத் தேடி, வேறொன்றை அமத்திவிட்டேன். கணினி மூன்றாம் முறையும் முதலிலிருந்து தொடங்கியது. அது முடியும்வரை இவர் நின்று கேட்டார். பிறகு கதிரையை இழுத்து என் பக்கத்தில் இருந்தார். என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்தார்.

"இண்டைக்கு ஷேவ் எடுக்கேல்ல," என்றார். "குத்தும்."

குத்தியது. கன்னம், மூக்கு, புருவம், நெற்றி என்று நான் அவரைப் பார்த்து முடிக்கும்வரை அவர் அசையாமல் இருந்தார்.