இலகுவான பாதை என்று எழுதியிருந்தார்கள்

அக்காவுக்குப் பாரிசவாதம் வந்தபோது அவளுக்கு அறுபத்து மூன்று வயது. எங்கள் பக்கத்து ஊர்களில் முப்பது வருடம் மருத்துவிச்சியாக வேலை செய்தவள். சைக்கிளில் தராசைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை நிறுத்துப் பார்த்தவள். ஒரு காலையில் அவளுடைய வலது காலும் வலது கையும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறியது. ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது, "மேடு பள்ளம் இல்லாத இடமாப் பாத்து ஒவ்வொரு நாளும் நடக்க விடுங்கோ" என்று டொக்டர் என்னிடம் சொன்னார். நான் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். இரண்டு பேரும் கலியாணம் கட்டாமல் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவளை நடக்கப் பழக்குவது என் வேலையாயிற்று.

எங்கள் ஊரில் அப்படியான இடம் ஒன்றுதான் இருந்தது. அருவி ஆறு கடலுக்குப் போகிற பக்கத்துப் பங்களாத் தோட்டம். வெள்ளைக்காரர் காலத்தில் யாரோ ஒரு துரை கட்டிய பங்களா, சுற்றிவரத் தென்னை. பிறகு கொழும்புக்காரர் கைக்குப் போனது. சண்டைக் காலத்தில் ஆமி இருந்தது. மிதிவெடி எடுத்து முடிந்தபின் கேட்க ஆளில்லாமல் கிடந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆற்றங்கரையில் தொடங்கி, மருத மரங்களின் கீழே போய், கூரையில்லாத பங்களாவின் முன்னால் திரும்பி, தென்னைகளுக்குள்ளால் வந்து இரண்டு கல்தூண்களைத் தாண்டினால் கோயிலடி றோட்டு. அங்கிருந்து எங்கள் வீடு நூறு யார் தூரம். மீனுக்குப் போகிறவர்கள், பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பாதையால்தான் போய்வந்தார்கள். அக்கா சைக்கிள் ஓடியதும் அந்தப் பாதையில்தான்.

முதல் கிழமை அக்கா முதலாவது மருத மரத்துக்கு மேல் போகவில்லை. நான் பிளாஸ்டிக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். களைத்தால் இருத்துவேன். பேச்சுக் கொஞ்சம் திரும்பியதும் அவள் தன் காலைத்தான் முதலில் ஏசினாள். "இழு... படாதை, சனியன்!" மூன்றாம் மாதம் ஆற்று வளைவு வரை. ஆறாம் மாதம் கதிரையை வீட்டில் விட்டோம். எட்டாம் மாதம் பங்களாப் படியில் போய் இருந்து கச்சான் கடலை சாப்பிட்டோம்.

அந்த நேரம் ஒரு சுற்றுலாக் கொம்பனி தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தது. முதல் வேலையாக ஆற்றங்கரையில் மூன்று மொழியிலும் ஒரு பலகை நட்டார்கள். 'ஆற்றோரச் சுற்றுப்பாதை. இலகுவானது. சிறுவர்களும் முதியவர்களும் நடக்கலாம்.' அதன் கீழே துரையின் குதிரைகளைப் பற்றியும் துரைசாணியின் பூந்தோட்டத்தைப் பற்றியும் எழுதியிருந்தது. கிணறு வெட்டினவன், தேங்காய் பறித்தவன், உரித்தவள் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்கு அப்போதே எரிச்சல் வந்தது. அக்கா சிரித்தாள். "முதியவர் நாங்கள்தான். வா."

பத்தாம் மாதம், ஒரு சனிக்கிழமை காலை, முழுச் சுற்றையும் நடப்பதென்று அக்கா சொன்னாள். அவள் கேட்டுக்கொள்ளவில்லை, அறிவித்தாள். ஏழு மணிக்கு வெளிக்கிட்டோம். பங்களாவுக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டிய கதிரைகள், பூ வளைவு, படம் எடுக்கிற ஆட்கள். ஒருவரும் எங்களைத் தடுக்கவில்லை. தென்னைகளுக்குள் அக்கா இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள். கல்தூண்கள் தெரிந்ததும் என் கையை உதறிவிட்டுத் தனியாக நடந்தாள்.

தூண்களுக்கு நடுவில் நேற்றுவரை திறந்து கிடந்த புது இரும்புக் கேற் பூட்டிக் கிடந்தது. கதிரையில் இருந்த காவல்காரன் எழும்பினான். நாற்பது வயதிருக்கும், எங்கள் ஊர் ஆளில்லை.

"அம்மா, இதால போக ஏலாது. விருந்தினர் நிக்கினம். வந்த வழியால போங்கோ."

"இவ பாரிசவாதம் வந்தவ, தம்பி. திரும்பி நடக்க மாட்டா. அந்தா தெரியுது எங்கட வீடு."

"எனக்கு விளங்குது அம்மா. திறந்தா என்ர வேலை போயிடும்."

அவன்மேல் எனக்குக் கோபமில்லை. மனேச்சருக்குப் போன் போட்டு என்னிடம் தந்தான். நான் சொன்னதெல்லாம் கேட்டுவிட்டு அந்த மனிதன், "உள்ளுக்க வரச் சொல்லி ஆர் உங்களைக் கேட்டது?" என்றான்.

உன் பலகைதான் கேட்டது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் பிறந்ததிலிருந்து நடக்கிற பாதை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன்? "மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர். தயவு செய்து இந்த ஒருக்கா மட்டும் சேர்." முப்பத்தைந்து வருடம் கந்தோரில் மேலதிகாரிகளுக்கு முன்னால் நின்று பழகிய வாய் அது. அவன் போனை வைத்துவிட்டான். இன்றைக்கும் அவனில் உள்ள கோபத்தை விட அந்த 'சேர்' மேலுள்ள கோபம்தான் எனக்குப் பெரிது.

அக்கா அதற்குள் கேற்றுக்கு நேர் நடுவில் மணலில் உட்கார்ந்துவிட்டாள். "திரும்ப... மாட்டன்."

வெயில் ஏறியது. றோட்டில் போனவர்கள் நின்றார்கள். எதிரில் தேத்தண்ணிக்கடை வைத்திருக்கிற நானா கம்பிக்குள்ளால் தண்ணீர்ப் போத்தலைத் தந்தார். ஒரு பிள்ளை குடையை நீட்டியது. காவல்காரன் தன் கதிரையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். அக்கா தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். தன் ஊரில், தன் வீடு தெரிகிற தூரத்தில், கம்பிக்குள்ளால் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனபின் பின்னால் வாகனச் சத்தம். விருந்தினர் அடுத்த இடத்துக்குப் போக வேண்டுமாம். வாகனம் வெளியே போக இருந்த வழி இந்தக் கேற் ஒன்றுதான். முன் ஜீப்பிலிருந்து மனேச்சர் இறங்கினான். போனில் கேட்ட குரல் இப்போது தேனாக மாறியிருந்தது.

"அம்மா, ஜீப்பில ஏறுங்கோ. வீட்டை கொண்டுபோய் விடுறம்."

"நட... ந்து," என்றாள் அக்கா.

அவன் மணிக்கூட்டைப் பார்த்தான். வாகனங்களைத் திரும்பிப் பார்த்தான். பிறகு காவல்காரனிடம் கையைக் காட்டினான். கேற் திறந்தது. நானும் காவல்காரனும் அக்காவைத் தூக்கி நிறுத்தினோம். அவள் ஓரத்தால் போகவில்லை. றோட்டின் நடுவால் காலை இழுத்து இழுத்துப் போனாள். ஜீப்பும் நான்கு வான்களும் அவளுக்குப் பின்னால் ஊர்ந்தன. ஒரு வான்காரன் கோண் அடித்து அவசரப்படுத்தினான். தேத்தண்ணிக்கடை நானா, "பொறும் ஐசே!" என்று கத்தினார். ஆட்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

அடுத்த கிழமை ஆற்றங்கரையிலும் முட்கம்பி அடித்தார்கள். நான் கந்தோர் கந்தோராக ஏறிப் பெட்டிசம் கொடுத்தேன். ஒரு அதிகாரி கடிதத்தை அரைவாசி வாசித்துவிட்டு, "தனியார் காணி, அம்மா. நீங்கள் இவ்வளவு நாளும் நடந்ததே பெரிய விசயம்," என்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இப்போது மணல் ஏற்றுகிற ரிப்பர் லொறிகள் ஓடுகிற பெரிய றோட்டால் போகிறார்கள். அதைச் சொன்னேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இந்த வருடம் காசு கட்டி ரிக்கெற் எடுத்தால் யாரும் நடக்கலாம் என்று அறிவித்தார்கள். ஊரில் ஒருவரும் எடுக்கக்கூடாது என்று நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். அந்தக் கிழமையே அக்கா என்னிடம் சொல்லாமல் தடியை ஊன்றிக்கொண்டு போய் ரிக்கெற் எடுத்துச் சுற்றி நடந்துவிட்டு வந்தாள்.

"என்னத்துக்குப் போனீங்கள்?" என்று கத்தினேன். "அண்டைக்கு மண்ணில இருந்தது என்னத்துக்கு அப்ப?"

"நடக்கத்தான்," என்றாள் அக்கா. இப்போது அவள் பேச்சில் தடக்கம் குறைவு. "அண்டைக்கும் நடக்கத்தான் இருந்தனான். எனக்கு எத்தினை வருசம் இருக்கெண்டு நினைக்கிறாய்? ஆத்தில நல்ல தண்ணி போகுது. நீயும் நாளைக்கு வா."

நான் அவளுக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, நான்காவது பெட்டிசத்தை எழுத உட்கார்ந்தேன்.