அடியிலிருந்து இரண்டு தட்டு

லெனோரா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வடக்கு டகோட்டாவில், கண்ணாடிக்கு வெளியே எதுவுமே தெரியாத பனியில், நாற்பது பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பவள். அவளையே ஒருவன் ஏமாற்றிவிட்டான். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எங்கள் முகாமில் எல்லோருக்கும் வண்டிதான் வீடு. எண்ணெய்க் கிணற்றை நம்பி வந்து, வாடகைக்கு இடம் கிடைக்காமல், படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் ஒரே வண்டிக்குள் வைத்துக் குடித்தனம் நடத்துகிறோம். கோடையில் ராஜபோகம். நவம்பர் வந்தால் தெரியும் சேதி. வண்டிக்கு அடியில் காற்று புகாமல் சுற்றிலும் தெர்மாகோல் பலகையும் வைக்கோல் கட்டும் அடைக்க வேண்டும். தண்ணீர்க் குழாயில் மின்சாரத்தில் சூடாகும் ஒயரைச் சுற்ற வேண்டும். அதற்கு ஒருவர் மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தாக வேண்டும். மேலே இருப்பவர் அவ்வப்போது குதிகாலால் தரையில் ஒரு தட்டு தட்டுவார். உயிரோடு இருக்கிறாயா என்று அர்த்தம். கீழேயிருந்து இரண்டு தட்டு வந்தால், இருக்கிறேன்.

அடுத்த குடும்பத்து வண்டிக்கு அடியில் இங்கே யாரும் நுழைய மாட்டார்கள். பனி வார மண்வெட்டி இரவல் தருவோம், காரைத் தள்ளிவிடுவோம், அது வேறு. யாருக்காக யார் அடியில் படுக்கிறார் என்பதை வைத்தே யார் யாரோடு வாழ்கிறார் என்று சொல்லிவிடலாம். கல்யாணப் பத்திரத்தை யாரும் கேட்பதில்லை.

லெனோராவுக்காகப் படுத்தவன் வெண்டல். கிணற்றில் வேலை, வாயில் அதைவிட அதிக வேலை. "கரண்ட் ஹீட்டரை நம்பி கேஸ் ஹீட்டரை அணைக்காதீங்க, உள்ள சுகமா இருக்கும், அடியில குழாய் வெடிச்சிடும்" என்று முகாம் முழுக்க உபதேசம் செய்தவன். விஷயம் சரிதான். கேஸ் ஹீட்டர் ஓடினால்தான் சூட்டுக் காற்றில் ஒரு பங்கு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகும்.

அதே வாய் இந்த ஜனவரியில் அவளிடம் வேறு பேசியது.

"இந்த வருஷம் கேஸை மிச்சம் பிடிப்போம். ரெண்டு கரண்ட் ஹீட்டர் போதும்."

"அடியில உறைஞ்சிடாதா?"

"ஒயர் எதுக்குச் சுத்தியிருக்கேன்? என்னை நம்பு."

நம்பினாள். அவளுக்கு அவனைவிட நன்றாகத் தெரியும், இருந்தும் நம்பினாள். அவன் ஒரு வாரம் கிணற்றிலேயே தங்கி வேலை என்று பையைத் தூக்கிக்கொண்டு போனான். மூன்றாம் நாள் மத்தியானம் அவள் குழாயைத் திறந்தாள். சொட்டுத் தண்ணீர் இல்லை.

என்னைக் கூப்பிட்டாள். நான் டார்ச் பிடித்தேன், அவள் அடியில் நுழைந்தாள்.

"மார்வா," என்றாள் உள்ளேயிருந்து. "ஒயர் இல்லை."

"அறுந்துபோச்சா?"

"கழட்டியிருக்கு. டேப் ஒட்டின பசை மட்டும் இருக்கு."

கேஸ் பெட்டியைத் திறந்து பார்த்தோம். நிரப்பி வைத்த சிலிண்டரும் இல்லை. திருடன் என்று நினைத்து, முகாம் காவல்காரரிடம் சொல்லக் கடைசி வரிசை வழியாக நடந்தோம். அங்கே, புதிதாக வந்த கார்லாவின் வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு பூட்ஸ் நீட்டிக்கொண்டிருந்தன. இடது குதிகாலில் சிவப்பு டேப். போன மாதம் ஒட்டியது லெனோராதான்.

"வெண்டல், வெளிய வா."

பூட்ஸ் அப்படியே நின்றன. பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. "கொஞ்சம் இரு. இப்ப விட்டா குழாய் உறைஞ்சிடும்."

"என் குழாய் உறைஞ்சுபோச்சு."

"நீ சமாளிச்சுக்குவ, லெனோரா. உனக்கு எல்லாம் தெரியும். இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"காலைப் பிடிச்சு வெளிய இழுக்கிறேன், நீ உள்ள போய் ஒயரைப் பிடுங்குடி," என்றேன்.

"வேணாம். இந்தக் குளிர்ல யார் குழாயிலயும் கை வைக்கக் கூடாது."

திரும்பி நடந்துவிட்டாள். அவளுக்கு இருந்த மனசாட்சி அவனுக்கு ஏன் இல்லாமல் போனது என்று நான்தான் வழி நெடுகத் திட்டிக்கொண்டு வந்தேன். முடி உலர்த்தும் கருவியை வைத்துச் சாயங்காலம் வரை குழாயை இளக்கினோம். என்னிடம் மிச்சமிருந்த ஒயரை அவளே சுற்றினாள். சுற்றும்போது நான் மேலே நின்று தரையைத் தட்டினேன். கீழேயிருந்து ஒன்றும் வரவில்லை. பயந்துபோய் ஓடி எட்டிப் பார்த்தேன். மல்லாந்து படுத்தபடி, வண்டியின் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி தட்டல?"

"ஞாயித்துக்கிழமை அவன் இங்கதான் படுத்திருந்தான். ஒயரைச் சரிபாக்கிறேன்னு சொன்னான். நான் மேல மாவுருண்டை சூப் கிண்டிக்கிட்டிருந்தேன். கீழ பர்ர்னு டேப் உரிக்கிற சத்தம். பாவம், குளிர்ல எனக்காகக் கஷ்டப்படறான்னு கூடக் கொஞ்சம் க்ரீம் ஊத்தினேன்."

நான் கையை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை.

"தரையில தட்டினேன், மார்வா. என் ஒயரைக் கையில வெச்சுக்கிட்டு அவன் ரெண்டு தட்டு தட்டினான்."